கோதடி போர்த்திய கம்ப்யூட்டர்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு என்னென்ன மரியாதை நடந்தது? சந்தனம் குங்குமம் வைத்திருப்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போயிருப்பீர்கள். மானிட்டருக்கு ஒரு உறை, கீபோர்டுக்கு ஒரு உறை, மவுசுக்குக்கூட ஒரு குட்டி உறை என்று யாராவது ஒரு அத்தை தைத்துக் கொடுத்திருப்பாள். இதெல்லாம் எங்கள் வீட்டிலும் நடந்தது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்த இன்னொரு காரியம் உங்கள் வீடுகளில் நடந்திருக்காது. நாங்கள் கம்ப்யூட்டரை வைத்து இட்லி மாவைப் பொங்க வைத்தோம்.

இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன். வீடு திரும்பும் வழியில்தான் மனசு சுருங்கிப் போகிறது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவருடைய பிழைப்பு கெட்டது. அது எப்படிக் கெட்டது என்று தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் புனேயை ஒட்டிய கட்கியில் வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, அப்புறம் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் கிடந்த ஒரு சின்ன அறை. என் படிப்புக்கென்று வாங்கிய கம்ப்யூட்டர் அந்தச் சின்ன அறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. அதில் நான் படித்த பாடம் ஒன்றுகூட நினைவில்லை.

தீபாவளி கழிந்ததும் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் கடைசித் தம்பி. திருநெல்வேலியில் ஏதோ டிகிரி முடித்துவிட்டு, தன் பைக்கை விற்று, புனேயில் மல்டிமீடியா கோர்ஸில் சேர்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் பொம்மைப் படம் செய்யும் படிப்பு. அவர் கொண்டுவந்த பெட்டியில் சட்டை துணிமணி குறைவு. நடுவில், இரண்டு லுங்கிக்குள் சுற்றி, பச்சை நிறத்தில் ஒரு தகடு இருந்தது. அதன் நடுவே எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு விசிறி.

"மருமவளே, இது என்ன தெரியுமா? கிராபிக்ஸ் கார்டு. இத மாட்டிட்டேன்னு வையி, ஒன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு தொறந்துரும்" என்றார்.

உண்மையாகவே கண் திறந்தது. அதுவரை கட்டம் கட்டமாகத் தெரிந்த ரேஸ் கார், பளபளக்கும் கதவில் வானத்தின் நிழல் தெரிய ஓடியது. சாயங்காலம் ஆனால் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்தச் சின்ன அறையில்தான். அரிசி மூட்டை மேல் ரெண்டு பேர், பெட்டி மேல் மூன்று பேர். மராத்தியிலும் மாமா என்றால் மாமாதான் என்பதால் எல்லாருக்கும் அவர் மாமா ஆகிவிட்டார். "மாமா, ஏக் லாஸ்ட், ஏக் லாஸ்ட்" என்று கடைசியாக ஒரு ஆட்டத்துக்குக் கெஞ்சுவார்கள். மாமா கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்துத் தகட்டைத் தொட்டுப் பார்ப்பார். அதில் கார்டுக்கு நேராகச் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருந்தன. சூடு ஏறியிருந்தால் ஆட்டம் முடிந்தது. யார் ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி, நிறுத்திவிடுவார்.

"கார்டு சூடாயிட்டுன்னா தப்புத் தப்பா வரைய ஆரம்பிக்கும். அப்பறமும் விடலைன்னா செத்துரும். எனக்கு இருக்கது இந்த ஒண்ணுதான்" என்பார்.

அந்த அறையின் வாசனை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. சூடான தூசி, சூடான பிளாஸ்டிக், அரிசி, பிள்ளைகளின் ஸ்வெட்டர். குளிருக்கு நான் என் விரல்களை அந்த ஓட்டைகளுக்கு நேரே நீட்டிச் சூடேற்றிக்கொள்வேன்.

மாமா வந்தது விளையாட இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். நாங்கள்தான் மறந்துவிட்டோம். பம்பாயில் ஒரு ஸ்டுடியோக்காரர், வருஷக் கடைசிக்குள் நீயே செய்த படம் ஒன்றை சிடியில் கொண்டுவா, நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். கட்கி ஸ்டேஷனில் லோக்கல் ரயில் வந்து நிற்கும். பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும். இறங்குகிறவர்களில் தனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றாலும் வாலை ஆட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் மாமாவின் படம். பகலில் கோர்ஸ். பிள்ளைகள் போனதும் உட்கார்ந்து அந்த நாயை வரைவார். படுக்கப் போகுமுன் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போவார். விடியும்வரை கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாகத் தானே தீட்டிக்கொண்டிருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் நாய் கொஞ்சமே கொஞ்சம் அசைந்திருக்கும்.

அப்பாவுக்கு இதெல்லாம் வேலையாகவே தெரியவில்லை. ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்தில் அவர் கண்ணில் படுவது அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கத்தும் பிள்ளைகளும் நடுவில் மச்சினனும்தான்.

"என்ன மாப்ள, இன்னைக்கு எத்தன மைல் கார் ஓட்டுன? சோத்துக்கு எப்ப ஓட்டப் போற?"

"வருசம் பொறக்கதுக்குள்ள முடிஞ்சிரும் அத்தான்."

"முடியலைன்னா ஊருக்கு டிக்கெட் போட்டுருவேன். கேட்டியா? எம் மவளயும் கெடுத்துட்டு நிக்காத."

எனக்கும் மாமாவைப் பற்றி வெளியே பேசக் கூச்சமாக இருந்தது. கீழ்வீட்டுக் காகு, அதாவது மராத்திக்கார அத்தை, ஒருநாள் படியில் நிறுத்தி, "துஜா மாமா காய் கர்தோ க?" என்று கேட்டாள். உன் மாமா என்ன வேலை பார்க்கிறார் என்கிறாள். நான் இஞ்சினியர் என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். நாய்க்கு வால் வரைகிறார் என்று எப்படிச் சொல்வது?

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன். புனேயில் குடித்தனம் நடத்திய நம் ஊர்ப் பெண்களுக்கு நவம்பர் முடிந்தாலே கவலை தொடங்கிவிடும். மாவு பொங்காது. ராத்திரி கரைத்து வைத்தது காலையில் அப்படியே, கரைத்த கோலத்திலேயே இருக்கும். அம்மா செய்யாத வித்தை கிடையாது. மாவு வைக்கிற போணிப் பாத்திரத்துக்கு அப்பாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுவிடுவாள். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டு ஒரு குட்டை மனிதன் அடுப்படியில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். வெந்நீர் வாளிக்குள் இறக்கி வைப்பாள். கீசருக்குக் கீழே வைப்பாள். எதற்கும் அசையாது.

அப்பாவுக்கோ இட்லி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது. அதுவும் பூப்போல இருக்க வேண்டும். அந்த வருஷம் குளிர் தொடங்கிய புதிதில், ஃபாக்டரியில் அப்பாவுக்கு மேலதிகாரியாக இருந்தவர் குடும்பத்தோடு காலைச் சாப்பாட்டுக்கு வந்தார். அப்பா ஒரு இட்லியை எடுத்து எல்லார் முன்னாலும் தட்டில் போட்டார். டொக் என்று சத்தம் கேட்டது.

"சார், இது வீட்ல செஞ்சதில்ல. எங்க ஃபாக்டரில செஞ்சது" என்றார்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். சட்னி எடுக்க அடுப்படிக்குப் போனபோது அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. அன்று அவள் சாப்பிடவில்லை. அந்த நகைச்சுவை அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனதால் அதற்குப் பிறகு வந்த விருந்தாளிகளிடமும் சொன்னார்.

கம்ப்யூட்டரின் சூட்டை அம்மா கண்டுபிடித்தது தூசி தட்டும்போது. "ஏல தம்பி, இந்தப் பொட்டி என்னல இப்பிடிச் சுடுது? அடுப்பே தோத்துரும் போலுக்கே" என்றாள். மறுநாள் சாயங்காலம் மாவுப் போணியோடு வந்து நின்றாள். மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வையிக்கா, வையி. ஆனா பக்கத்துல ஸ்டூல் போட்டு வையி. மேல வைக்காத. எதையும் போட்டு மூடிராத. உள்ள இருக்க சூடு வெளிய போணும். அத அடைச்சா கார்டு வெந்துரும்."

"சரில, எனக்குத் தெரியாதா?"

அந்த இரண்டு வாரம்தான் எங்கள் வீட்டில் நான் பார்த்த சந்தோஷமான நாட்கள். மாவு பொங்கியது. பூப்போல இல்லை என்றாலும் இட்லி இட்லியாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவே எங்களை விரட்டுவாள். "ஏட்டி, என்ன சும்ம இருக்கிய? போய் காரு ஓட்டுங்க. மாவு சூடு பத்தல" என்பாள். கட்டடத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஓர் அம்மா இல்லை. மாமா ரேஸ் ஓட்டிக்கொண்டே போணியின் மூடியைத் திறந்து பார்த்து, "இன்னும் ரெண்டு ரவுண்டு போகணும்க்கா" என்று குரல் கொடுப்பார். அக்காவும் தம்பியும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொள்வார்கள்.

டிசம்பர் நடுவில் குளிர் இறுகியது. காலையில் பால்காரர் கையை மஃப்ளரில் சுற்றிக்கொண்டு வருவார். குழாய்த் தண்ணீரில் விரல் மரத்துப்போகும். ஸ்டூல் மேல் வைத்த மாவு மறுபடி படுத்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மறுபடி தட்டில் இட்லியைப் போட்டு டொக் பண்ணிக் காட்டினார்.

எங்கள் வீட்டில் ஒரு கோதடி இருந்தது. பழைய புடவைகளை அடுக்கடுக்காக வைத்துக் கையாலேயே தைக்கிற கனமான போர்வை. கீழ்வீட்டுக் காகுவிடம் அம்மா தன் பழைய புடவைகளைக் கொடுத்துத் தைத்து வாங்கியது. ஒரு பக்கம் மெரூன் சுங்கடி, மறுபக்கம் அம்மா கல்யாணம் முடிந்த வருஷம் கட்டிய நீலப் பூப்போட்ட வாயில் புடவை. அதைப் போர்த்திக்கொண்டால் ஐந்து நிமிஷத்தில் உடம்பு வேர்க்கும். ஒரு நாள் விடிகாலை பாத்ரூமுக்கு எழுந்துபோனவள், சின்ன அறை திறந்திருக்க எட்டிப் பார்த்தேன். மானிட்டர் வெளிச்சத்தில் கம்ப்யூட்டர் பெட்டி கோதடியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றது. உச்சியில் போணி புடைத்துக்கொண்டு தெரிந்தது. உள்ளே ஃபேன் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அம்மா எல்லாவற்றுக்கும் போர்வை போர்த்துகிறவள்தானே என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். மாமா ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுவதற்குள் அம்மா கோதடியை மடித்து வைத்து, போணியை அடுப்படிக்குக் கொண்டுபோயிருப்பாள்.

அந்த வாரத்தில்தான் கார்டு தப்புத் தப்பாக வரையத் தொடங்கியது. ஓடுகிற காரின் சக்கரம் ஊதா நிறத்தில் கிழிந்து வானம் வரை நீளும். ரோட்டில் பச்சைக் கோடுகள் விழும். மாமாவுக்குப் புரியவில்லை. "இந்தக் குளுருக்கு எப்பிடிட்டி சூடாவுது?" என்று என்னிடம் கேட்டார். கோதடியை நான் அதோடு முடிச்சுப் போடவில்லை. பக்கத்துத் தகட்டைக் கழற்றித் தூசி ஊதினார். பெயின்ட் பிரஷ்ஷால் விசிறியைத் துடைத்தார். சின்னச் சிப்புக்கும் விசிறிக்கு அடியிலுள்ள தகட்டுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு பசை இருந்தது. "இது பேஸ்டு, சூட்டக் கடத்தும்" என்று எனக்குக் காட்டினார். பழையதை வழித்துவிட்டுப் புதியதைத் தடவினார். கடைசியில் பரணிலிருந்து டேபிள் ஃபேனை இறக்கிப் பெட்டிக்கு நேரே வைத்தார். பிள்ளைகள் எல்லாரும் குல்லாவும் ஸ்வெட்டருமாக நடுங்கிக்கொண்டு, டிசம்பரில் ஃபேன் போட்டுக் கார் ஓட்டினோம். இத்தனையும் செய்து சாயங்காலம் சரியாக இருக்கும். காலையில் பார்த்தால் பாதி ராத்திரியிலேயே கம்ப்யூட்டர் தானாக நின்றுபோயிருக்கும். நாய் அசைந்திருக்காது.

அப்பா ஃபேனைப் பார்த்தார். "மனுசன் ஸ்வெட்டர் போட்டுட்டு அலையுதான். மிஷினுக்குக் காத்து வீசுதானாம். எப்பப் பாத்தாலும் ஆடுனா சூடாவாம என்ன செய்யும்?" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா இறக்கிய முதல் ஈட்டை நான் மறக்க மாட்டேன். இட்லித் துணியிலிருந்து கழன்று விழுந்தபோது அசைந்து அடங்கியது. விரல் பட்டதும் அமுங்கி மீண்டது. அப்பா ஒன்றைப் பிட்டுப் பார்த்தார். அடுத்தடுத்து நாலு தின்றார்.

"இதாட்டி இட்லி. திருநவேலில கூட இப்பிடிக் கெடையாது" என்றார்.

அம்மாவின் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்தக் கையோடு அப்பா என்னிடம், "ஒன் மாமாவக் கூப்பிடு, அவனும் திங்கட்டும்" என்றார். மாமா சின்ன அறையில் நின்றுகொண்டிருந்தார். மானிட்டர் கறுப்பாக இருந்தது. தீய்ந்த வாடை, அதோடு கலந்து ஒரு புளித்த வாடை.

மாமா திருகாணிகளைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். கார்டை மெதுவாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். விசிறி கறுத்து வளைந்திருந்தது. அதன் மேலும், கார்டின் விளிம்பிலும், கீழே மதர்போர்டிலும் வெள்ளையாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. மாமா நகத்தால் சுரண்டினார். மூக்கருகில் கொண்டுபோனார். அப்புறம் தலையைத் திருப்பி அடுப்படிப் பக்கம் பார்த்தார். அம்மா கையில் ஈர இட்லித் துணியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மாமா அது?" என்றேன்.

"பேஸ்டுடி. சூட்டுல உருகி வழிஞ்சிருக்கு" என்றார்.

நான் நம்பினேன். முந்தின வாரம்தானே அவர் வெள்ளைப் பசையைக் காட்டியிருந்தார்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவர் குரல் ஏறியது. அவருக்குக் கோபம் வந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவார். படியில் காகு நின்றாள், எதிர்வீட்டுக்காரர் நின்றார், என்னோடு கார் ஓட்டிய பிள்ளைகள் நின்றார்கள். தமிழ் புரியாவிட்டாலும் எல்லாருக்கும் புரிந்தது.

"ராத்திரி பூரா என்னல செஞ்ச? ஆடுனியா?"

மாமா கார்டைத் தன் லுங்கி மடிப்பில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆமா அத்தான்" என்றார். "ராத்திரி ஆடிட்டேன். நிப்பாட்ட மறந்துட்டேன்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமா அவளைப் பார்க்காமலே, "அக்கா, நீ உள்ள போ. அடுப்புல ஈடு கெடக்கு" என்றார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

எனக்கு மாமாவை நினைத்து அசிங்கமாக இருந்தது. காகுவிடம் இஞ்சினியர் என்று சொல்லி வைத்திருந்தேனே! அந்தக் காகு பார்த்துக்கொண்டு நிற்க, மீசை வைத்த ஆள் ராத்திரி கார் ஓட்டிக் கம்ப்யூட்டரை எரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். நான் டார்ச்சை அணைத்துவிட்டு, அவர் எனக்கு யாரோ என்பதுபோலத் தள்ளிப்போய் நின்றேன்.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டுபோய் மாமா இன்ஸ்டிட்யூட் மிஷின் ஒன்றில் மாட்டிப் பார்த்தார். படம் பாதி இருந்தது. வருஷக் கடைசி என்பதால் அங்கே எல்லா மிஷினுக்கும் ஆள் காத்திருந்தது. பம்பாய்க்காரர் கெடு தள்ளிவைக்கிற ஆள் இல்லை. அந்தப் பாதியை ஒருமுறை எனக்கும் போட்டுக் காட்டினார். நாய் தலையைத் தூக்கியது. வாலை ஆட்டுவதற்குள் திரை கறுத்துவிட்டது.

அப்பா சொன்னபடி டிக்கெட் போட்டார். கோர்ஸ் முடியவில்லை. பொங்கலுக்கு முன்னால் மாமாவை ரயிலேற்ற புனே ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மா வழிக்கு இட்லி கட்டிக் கொடுத்தாள், மிளகாய்ப்பொடி தடவியது. மாமா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல விளையாட்டுக் காட்டினார். அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். தம்பி ஊருக்குப் போகிறான் என்று எந்த அக்காவும் அழுவாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு மாமா அந்தக் கருகிய குட்டி விசிறியைக் கொடுத்தார். "வச்சுக்க மருமவளே, சுத்தாத ஃபேன், கரண்டு மிச்சம்" என்றார். நான் சிரிக்கவில்லை. அதை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு வைத்திருந்து, வீடு மாறியபோது எங்கேயோ தொலைத்தேன்.

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மச்சினன் உருப்பட வேண்டும், மகள் படிக்க வேண்டும் என்று பயந்த மனிதர். தான் பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொன்னார். பார்க்காததைக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கேட்டிருந்தாலும் யார் சொல்லியிருப்பார்கள்?

எனக்கு விஷயம் புரிந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு. புனேக்குப் பக்கத்தில் நிக்டியில் என் வீட்டில் ஒரு மார்கழிக் காலையில் மாவுப் பாத்திரம் நிறைந்து வழிந்து மேடையில் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாகப் பொருக்குப் பொருக்காக வந்தது. ஏன் என்று தெரியாமலே மூக்கருகில் கொண்டுபோனேன். அந்தப் புளித்த வாடை ஏறியதும் கையில் டார்ச்சோடு நான் ஏழாவது படிக்கிற பிள்ளை ஆகிவிட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அந்தப் பூப்போன்ற இட்லியை நாங்கள் எல்லாரும் தின்றோம். நான் ஆறு தின்றேன்.

அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நாள் அவள் மேல் கோபமாக இருந்தேன். பிறகு அந்த டொக் சத்தம் நினைவுக்கு வந்தது, கோபம் நிற்கவில்லை. இருட்டில் எழுந்து திருடி மாதிரிக் கம்ப்யூட்டருக்குப் போர்வை போர்த்துகிற அளவுக்கு ஒரு இட்லிக்கு அவள் பயந்திருக்கிறாள். அந்த வீட்டில்தான் நானும் இருந்தேன், சிரித்துக்கொண்டு.

இதில் இன்னொன்றும் உண்டு. அப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தமானது. கல்யாணம், காதுகுத்து, எங்கே நாலு பேர் கூடினாலும் "எம் மச்சினன் கம்ப்யூட்டர எரிச்ச கத தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். டிசம்பரில் ஃபேன் போட்டதை நடித்தே காட்டுவார். மாமாவும் கூட்டத்தில் உட்கார்ந்து சிரிப்பார். அவர் இப்போது திருநெல்வேலியில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறார். கடை நன்றாகத்தான் நடக்கிறது. அம்மா மட்டும் அந்தக் கதை தொடங்கினால் ஏதாவது எடுக்க உள்ளே போய்விடுவாள்.

போன டிசம்பரில் நாங்கள் புதிதாக வாங்கிய ஃபிளாட்டுக்குப் பால் காய்ச்சினோம். மாமா ஊரிலிருந்து வந்திருந்தார். மறுநாள் காலை எல்லாரும் தரையில் வட்டமாகச் சாப்பிட உட்கார்ந்தோம். புது வீட்டுச் சமையலறை, சன்னலுக்கு இன்னும் கண்ணாடி சரியாகப் பொருந்தவில்லை. நான் கரைத்த மாவு பொங்கவே இல்லை. இட்லி பலகை மாதிரி வந்தது. எனக்கு அழுகை முட்டியது. என் மாமியார் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா கதையை ஆரம்பித்தார். ஃபேன் வந்தது, ஸ்வெட்டர் வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். "ராத்திரி பூரா ஆடியிருக்கான், எரியாம என்ன செய்யும்?" என்று முடித்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா நின்றாள். இந்த முறை அவள் உள்ளே போகவில்லை.

"அவன் ஆடல" என்றாள்.

"என்னது?"

"அவன் ஆடல. நாந்தான் மாவு பொங்கணும்னு பொட்டிக்குக் கோதடியப் போட்டு மூடுனேன். மேல வச்ச மாவு பொங்கி உள்ள போயிட்டு. எந் தம்பி பொழப்புல நாந்தான் மண்ணள்ளிப் போட்டேன்."

அவள் குரல் நடுங்கவில்லை. எத்தனையோ வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் போலிருந்தது. என் மாமியார் வீட்டில் ஒருவர், வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்பா மாமாவைப் பார்த்தார்.

மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அக்காவுக்கு வயசாயிட்டு அத்தான், என்னமும் சொல்லுவா. நாந்தான் ஆடுனேன். நல்லா ஞாவகம் இருக்கு. சிவப்புக் காரு" என்றார்.

அவர் ஒருநாளும் சிவப்புக் கார் ஓட்டியதில்லை. சிவப்புக் கார் என்னுடையது. மாமா ஓட்டியது எப்போதும் வெள்ளை. இதை அந்த இடத்தில் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நான் சட்னிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். அம்மா சொன்ன ஒரு வாக்கியத்துக்கே அந்த அறை தாங்காமல் நின்றது.

அப்பா தன் தட்டிலிருந்த இட்லியைக் கையில் எடுத்தார். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. இப்போது அதைத் தட்டில் போடுவார், டொக் என்று கேட்கும், எங்க ஃபாக்டரில செஞ்சது என்பார், எல்லாரும் சிரிப்பார்கள், அம்மா சொன்னது அதோடு அடித்துக்கொண்டு போய்விடும். அம்மாவும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அதைப் பிட்டார். சுலபமாகப் பிய்யவில்லை. இரண்டு கையாலும் பிய்த்து வாயில் போட்டு, பொய்ப்பல்லால் கஷ்டப்பட்டு மென்று விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல். "இன்னொண்ணு வையி."

அம்மா குனிந்து தட்டத்திலிருந்து ஓர் இட்லியை எடுத்தாள். அதை மாமாவின் தட்டில் முதலில் வைத்தாள். அப்புறம்தான் அப்பாவுக்கு வைத்தாள்.